பக்கத்துக் காம்பரா நாய்

எங்கள் தோட்ட லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். முன்வாசல் இஸ்தோப்பு எல்லோருக்கும் பொது, தண்ணீர்ப் பீலிக்குப் போகும் படியும் பொது. "உங்க நாயை உங்க எல்லைக்குள்ள வச்சுக்குங்க" என்று சொல்ல இங்கே எல்லை ஏது?

பக்கத்துக் காம்பரா மாமா வளர்க்கும் டைகர் ஒரு வருடமாகவே பாய்ந்து பாய்ந்து வந்தது. ஹட்டன் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடிய என் மகளின் கெண்டைக்காலை ஒரு நாள் காலையில் கவ்விவிட்டது. நான் வேலைப் பெரட்டுக்குப் போகக் கூடையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் முதலில் செய்தது சண்டை. மாமா வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அதற்குள் மாமியார் காயத்தில் காப்பித்தூளை அப்பிவிட்டார். தோட்ட டிஸ்பென்சரியில் கேட்ட முதல் கேள்வியே, "சவர்க்காரம் போட்டுக் கழுவுனீங்களா?" என்பதுதான். விசர் பிடித்த நாயின் எச்சிலில் இருக்கும் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. ஓடும் தண்ணீரில், சவர்க்காரத்தோடு, முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். பீலித் தண்ணீர் பத்தடி தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் தடுப்பூசியும் சீரமும் போட்டார்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு வாங்குவதில்லை. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் போனோம். அரைநாள் பேரும் சம்பளமும் போனாலும் போகட்டும். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் செத்திருக்கிறார்கள். இப்போது அது அந்த அளவில் இல்லையென்றால், நாய்க்கும் மனிதருக்கும் போட்ட ஊசிதான் காரணம்.

ஊருக்குத் திரும்பினால் இளந்தாரிகள் தடியோடு நிற்கிறார்கள், நாயை அடித்துக் கொல்ல. நான்தான் தடுத்தேன். "நாய் உயிரோட இருக்கா? 14 நாள் கட்டிவச்சுப் பாருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாட்கள் முழுக்கக் கடித்த நாய் கண்முன்னே நலமாக இருப்பதுதான் நமக்கு ஆறுதல். கொன்றுவிட்டால், அதன் தலையைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடத்துக்கு அனுப்பித்தான் விசர் இருந்ததா என்று தெரியும்.

இரண்டு நாள் கழித்துத்தான் மாமாவோடு பேசினேன், தேத்தண்ணி நேரத்தில், அவர் வீட்டு அத்தையும் பக்கத்தில் இருக்கும்போது. "ஏன் மாமா கட்டிப்போட மாட்டேங்கிறீங்க?" என்றேன். "கட்டிப்போட்டா ராத்திரி புலி தூக்கிட்டுப் போயிரும் தாயி. முன்ன இருந்ததை அப்பிடித்தான் பறிகொடுத்தேன்" என்றார். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. சிறுத்தை இறங்கி வரும் மலையில் சங்கிலியில் கிடக்கும் நாய் அதற்கு லேசான இரை. மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காப்பதும் அதே டைகர்தான். அவருடைய பயமும் என்னுடைய பயமும் ஒரே அளவு என்று அன்று விளங்கியது.

என் வீட்டுக்காரரும் மாமாவும் பழைய கூரைத் தகரம், பலகை, கம்பிவலை கொண்டு கோடியில் ஒரு கூடு அடித்தார்கள். இருட்டியதும் டைகர் கூட்டுக்குள். காலையில் பிள்ளைகள் பஸ் ஏறும்வரையும், பின்னேரம் அவர்கள் திரும்பும் நேரமும் நீளமான கயிற்றில். குட்டைச் சங்கிலி வேண்டாமென்று நானே சொன்னேன். நாள் முழுக்க அதில் கிடக்கும் நாய்க்கு மூர்க்கம்தான் கூடும். சுகாதாரப் பரிசோதகர் நாய் ஊசிக்கு வரும் நாளைக் கேட்டு லயம் முழுக்கச் சொல்கிறேன். பேச்சு எடுபடாத வீடென்றால் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடமோ பரிசோதகரிடமோ போகத் தயங்கக் கூடாது. பிள்ளையின் உயிரைவிட முகதாட்சண்யம் பெரிதில்லை.

மேல் லயத்து நாய்கள் இன்னும் அவிழ்ந்துதான் திரிகின்றன. அதனால் மகளுக்குப் பழக்கியிருக்கிறேன்: ஓடாதே, கண்ணை முறைக்காதே, பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில், புத்தகப்பையை முன்னால் பிடி. விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள். மழை இல்லாத நாளிலும் அவள் குடையோடுதான் போகிறாள். நாய் வந்தால் அதை விரித்து நடுவில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கப் பழகியிருக்கிறாள். முதல் வாரம் அவள் கை நடுங்கியது. இப்போது தம்பிக்கும் அவளே காட்டிக்கொடுக்கிறாள்.