மாறியது எது?

பள்ளி ஒன்றின் மாணவர் விவரங்கள் கணினித் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுள்ளன என எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒவ்வாமை எனப் பல புலங்கள் ஒரு பதிவில் அடங்கியிருக்கும்.

காலை மணி 9.00க்கு அலுவலக ஊழியர் ஒரு மாணவியின் பதிவைத் திரையில் திறக்கிறார். வீடு மாறிய அம்மாணவியின் முகவரியைத் திருத்துவது அவரது நோக்கம். மணி 9.05க்குப் பள்ளித் தாதியும் தம் கணினியில் அதே பதிவைத் திறக்கிறார். ஒவ்வாமைப் புலத்தில் ‘இல்லை’ என்றிருந்ததை ‘வேர்க்கடலை’ என மாற்றிச் சேமிக்கிறார். மணி 9.10க்கு ஊழியர் புதிய முகவரியைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார். இருவரும் தத்தம் கடமையைச் சரியாகவே செய்தனர். ஆயினும், ஒவ்வாமைப் புலம் மீண்டும் ‘இல்லை’ என மாறிவிட்டது!

இதற்குக் காரணம் என்ன? ஊழியரின் திரையில் இருந்தவை மணி 9.00க்குரிய பழைய தகவல்கள். அவர் மாற்றிய முகவரியை மட்டும் அனுப்பாமல், மென்பொருள் எல்லாப் புலங்களையும் அனுப்பிவிட்டது. அதனால், தாதியின் திருத்தம் அழிந்தது. அம்மாணவியின் உயிருக்கே ஆபத்து விளையக்கூடிய பிழை இது.

இதனைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. பதிவைத் திறக்கும்போதே மென்பொருள் அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சேமிக்கும்போது, ஒவ்வொரு புலத்தின் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட வேண்டும். வேறுபட்ட புலங்களை மட்டுமே தரவுத்தளத்திற்கு அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே புலத்தை மாற்றியிருந்தால் என் செய்வது? தரவுத்தளத்தில் தற்போதுள்ள மதிப்பு நகலில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தால், சேமிக்காமல் பயனரை எச்சரிக்க வேண்டும்.

ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. பெயரின் இறுதியில் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தாலும், தொலைபேசி எண்ணில் இடைக்கோடு சேர்ந்தாலும், கணினி அதனை மாற்றமாகவே கருதும். ஆகவே, ஒப்பிடுவதற்கு முன் இரு மதிப்புகளையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். பயனர் ஒரு சொல்லை அழித்து, மீண்டும் அதையே எழுதினால் அது மாற்றமாகாது.

மாற்றத்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. அதனைக் குறித்தும் வைக்க வேண்டும். யார், எப்போது, எந்தப் புலத்தை, எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்பதே அக்குறிப்பு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில், ஒரு பதிவு மாறும்போது தானாக இயங்கும் ‘டிரிகர்’ எனும் நிரலை அமைக்கலாம். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அதற்குக் கிடைப்பதால், இக்குறிப்பை அதுவே எழுதிவிடும்.

இக்குறிப்பு பிறர்மீது பழி சுமத்துவதற்கன்று. ‘வேர்க்கடலை’ எப்போது ‘இல்லை’ என மாறியது என்பது தெரிந்தால், தவற்றை உடனே சரிசெய்யலாம். மென்பொருளின் குறையையும் களையலாம்.

சிந்தித்து விடை கூறுக:
1. தாதியின் திருத்தம் அழிந்ததற்குப் பொறுப்பு ஊழியரா, மென்பொருளா? ஏன்?
2. ஒப்பிடுவதற்கு முன் மதிப்புகளை ஏன் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும்?
3. நீங்களும் நண்பரும் ஒரே கோப்பைத் திருத்தும்போது இத்தகைய இழப்பை எவ்வாறு தவிர்ப்பீர்கள்?