விண்மீன்களின் தொலைவை அளந்த வரலாறு

தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாடங்கேட்டவர்கள் சோதிஷ்க தேவர்களின் இருப்பிடம் பற்றிய செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் அதனை எண்களாகவே தருகிறார். சமநிலத்திலிருந்து 790 யோசனை உயரத்தில் தாரகைகள், 800 யோசனையில் ஞாயிறு, 880 யோசனையில் திங்கள், 884 யோசனையில் நட்சத்திரங்கள், அவற்றின் மேல் புதன் முதலிய கோள்கள், 900 யோசனையில் சனி என்பது அவ்வரிசை.

பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் வேறு எண்களோடு வீடு திரும்புகின்றனர். திங்கள் 3,84,000 கிலோமீட்டர். ஞாயிறு 15 கோடி கிலோமீட்டர். விண்மீன்களோ கிலோமீட்டரால் எண்ணிச் சொல்லவும் இயலாத சேய்மை. அளவு மட்டுமன்றி வரிசையும் மாறிவிடுகிறது. "இரண்டில் எது சரி?" என்று பிள்ளை கேட்குங்கால் பெரியோர் சிலர் சினந்து அடக்குவர், சிலர் சிரித்து விலகுவர். இரண்டும் விடையாகா. அவ்வெண்கள் எவ்வாறு கிட்டின என்று எடுத்துக்காட்டுதலே விடையாகும். வானியல் வரலாறு முழுவதையும் சில பக்கங்களில் அடக்குதல் அரிது. ஆதலின், விண்மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் ஒரே வினாவைப் பற்றிக்கொண்டு பழங்காலத்திலிருந்து இந்நாள்வரை செல்வோம்.

நம் முன்னோர் வானத்தை எதன்பொருட்டு நோக்கினர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். காலப் பிரிவு இச்சுடர்களின் இயக்கத்தால் ஆகிறது என்று உமாசுவாமியே சூத்திரம் செய்துள்ளார். சூரிய பிரக்ஞப்தி என்னும் பிராகிருத நூல், ஐந்தாண்டு கொண்ட ஒரு யுகத்தை 1830 நாட்களாகக் கொள்கிறது. அதனுள் 62 சாந்திர மாதங்களும், திங்கள் நட்சத்திர வட்டத்தை 67 முறை சுற்றி வருதலும் அடங்கும். வகுத்துப் பார்ப்போர் வியப்பெய்துவர். அமாவாசைக்கு அமாவாசை 29.516 நாள் என வருகிறது. இன்றைய அளவு 29.531 நாள். வேறுபாடு 21 நிமிடத்திற்கும் குறைவே. ஆனால் ஆண்டு 366 நாளாகி விடுவதால், ஞாயிற்றின் கணக்கில் ஆண்டொன்றுக்கு முக்கால் நாள் பிழை விழுகிறது. பிறையும் நிறைமதியும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை. ஞாயிறு எந்த விண்மீனருகே நிற்கிறது என்பதையோ அதன் ஒளியே மறைத்துவிடுகிறது. இவ்வேற்றுமைக்கு அதுவே காரணமாகலாம்.

சம்பூத்தீவிற்கு இரண்டு சூரியர், இரண்டு சந்திரர், 56 நட்சத்திரங்கள் என்னும் கொள்கையும் கணக்கின்பாற் பட்டதே. நடுவில் நிற்கும் மேருவை ஒரு சூரியன் சுற்றிவர 60 முகூர்த்தம், அதாவது இரண்டு நாள் ஆகும். சூரியன் ஒன்றே எனின் ஒரு நாள் விட்டு ஒரு நாளே நமக்குப் பொழுது விடியும். நாள்தோறும் விடிதலின் இரண்டு சூரியர் வேண்டப்பட்டனர். நிலம் தட்டையானது என்னும் அடிப்படையை ஏற்றால் இக்கணக்கில் முரணில்லை. நிலத்தை உருண்டையெனக் கொண்ட வராகமிகிரர், பிரம்மகுப்தர், இரண்டாம் பாஸ்கரர் ஆகியோர் இதனை மறுத்தெழுதினர்.

வானப் பொருள்களுள் எது முன், எது பின் என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. முன்னிருப்பது பின்னிருப்பதை மறைக்கும். திங்கள் சில காலங்களில் உரோகிணியையும் சித்திரையையும் கேட்டையையும் மறைத்துச் செல்வதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆகவே நட்சத்திரங்களைத் திங்களுக்கு மேலே வைத்தது காட்சியோடு பொருந்துகிறது. சூரிய கிரகணத்திலோ திங்களே ஞாயிற்றை மறைக்கிறது. எனவே ஞாயிற்றைத் திங்களுக்குக் கீழே வைத்தது காட்சியோடு பொருந்தவில்லை. இதனை மறைத்துப் பேசுவதால் நம் நூல்களுக்குப் பெருமை சேராது என்பது எம் கருத்து. யோசனைக் கணக்கில் எண்ணைத் துணிந்து எழுதிவைத்த ஆசிரியர்கள், பின்வருவோர் அளந்து பார்த்தலுக்கும் இடந்தந்தவர்களே.

முன்பின் அறிந்தாலும் எத்துணைத் தொலைவு என்பது தெரிந்துவிடாது. அதற்கு வேறோர் உபாயம் வேண்டும். முகத்திற்கு நேரே ஒரு விரலை நீட்டி, இடக்கண்ணை மூடி வலக்கண்ணாலும், வலக்கண்ணை மூடி இடக்கண்ணாலும் மாறிமாறிப் பாருங்கள். பின்னுள்ள சுவரில் விரல் இடம்மாறித் தோன்றும். விரல் தொலைவிற் செல்லச் செல்ல அம்மாற்றம் குறையும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். இரு கண்களுக்கிடையே உள்ள இடைவெளியும், விரல் இடம்மாறிய கோணமும் தெரிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். கிரேக்க நாட்டு இப்பார்க்கசு கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இம்முறையைத் தழுவியே திங்களின் தொலைவைக் கணித்தார். நிலவுலகின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு என்னும் இன்றைய அளவிற்கு அவர் கணிப்பு மிக நெருங்கியது.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே சாமோசுத் தீவின் அரிசுட்டார்க்கசு, ஞாயிறு நிற்க நிலவுலகே அதனைச் சுற்றுகிறது என்றார். அங்ஙனமாயின் ஆறு திங்களுக்கு ஒருமுறை நாம் வட்டத்தின் எதிர்க்கரையில் நிற்போம். விண்மீன்கள் அந்த விரலைப்போல் இடம்மாறித் தோன்ற வேண்டுமே? தோன்றவில்லை. வட்டமும் ஒரு புள்ளியாகும்படி விண்மீன்கள் அத்துணைச் சேய்மையில் உள்ளன என்பது அரிசுட்டார்க்கசின் விடை. உலகம் அதனை ஏற்கவில்லை. மறுத்தவர்களை அறிவிலிகள் என்று பள்ளி நூல்கள் பேசுவதுண்டு. அது முறையன்று. காணப்படாத ஒன்றைக் காணப்படவில்லை என்றே அவர்கள் கூறினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி விண்மீன்களுக்கு வகுத்த தொலைவு நிலவுலகின் ஆரத்தைப்போல் சுமார் 20,000 மடங்கு. இன்றைய அளவின்படி அத்தொலைவு ஞாயிற்றையும் எட்டாது.

நம் நாட்டில் ஆரியபட்டர் 499-இல் நிலவுலகம் தன்னைத்தானே சுழல்கிறது என்றார். எனினும் அச்சுழற்சி விண்மீன் தொலைவை அளக்க உதவுவதன்று. அளவைக்கு வேண்டுவன கருவிகள். இவ்விடத்தில் நம் சமயத்துறவி ஒருவரை நினைவுகூர்தல் தகும். மகேந்திர சூரி என்னும் சுவேதாம்பர முனிவர், தில்லியில் பிரோசு ஷா துக்ளக் ஆண்ட காலத்தில், 1370-இல் யந்திரராஜம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். இசுலாமிய அறிஞர் கையாண்ட அசுட்ரோலாபு என்னும் வானளவைக் கருவியைப் பற்றி வடமொழியில் எழுந்த முதல் நூல் அதுவே. 32 விண்மீன்களின் நிலைகளை அதில் குறித்துள்ளார். அவர் மாணாக்கர் மலயேந்து சூரி அதற்கு உரை கண்டார். பிற சமயத்தாரின் கருவியைக் கையிலெடுத்து, நன்று கண்டவிடத்து நன்றென்று ஏற்ற அவ்வுள்ளம் போற்றற்குரியது.

கோபர்னிக்கசின் நூல் 1543-இல் வெளிவந்ததும் பழைய வினா மீண்டும் எழுந்தது. டென்மார்க்கின் டைக்கோ பிராகி, தொலைநோக்கி தோன்றுமுன்னர், பெரிய கருவிகளைச் செய்து ஒரு கலை அளவு நுட்பத்தோடு வானத்தை அளந்தார். பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை. கலையின் அறுபதில் ஒரு கூறு விகலை. விண்மீன்களில் இடமாறு தோற்றம் சிறிதும் அவருக்குப் புலப்படவில்லை. நிலவுலகம் சுற்றுவது மெய்யாயின் விண்மீன்கள் சனியைப்போல் 700 மடங்கேனும் அப்பால் இருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டார். அத்துணைப் பெரிய வெற்றிடத்தை நம்ப மனம் ஒருப்படாமல் நிலவுலகை நிற்கவே வைத்தார். கணக்கு சரி, முடிவு பிழை. உண்மைத் தொலைவு அதனினும் பல நூறு மடங்கு மிகுதி.

இலண்டனில் சேம்சு பிராட்லி 1725 முதல், தலைக்கு நேரே கடக்கும் ஒரு விண்மீனை இடைவிடாது நோக்கினார். அது இடம்பெயர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த திசையிலன்று. மூன்று திங்கள் முன்பின்னாக, சுமார் 20 விகலை பெயர்ந்தது. நேரே விழும் மழையில் விரைந்து நடப்பவன் குடையை முன்னே சாய்ப்பது போல, ஓடும் நிலவுலகில் உள்ளவர் தொலைநோக்கியை ஒளி வரும் திசையினின்று சற்றே சாய்க்க வேண்டியுள்ளது என்று அவர் விளக்கினார். நிலவுலகம் ஓடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று இதுவே முதலில் கிடைத்தது. தேடியதோ தொலைவு.

கோணம் கிடைப்பினும் இடைவெளி தெரிதல் வேண்டுமன்றோ? ஞாயிற்றின் தொலைவே அவ்விடைவெளிக்கு அடிப்படை. அதனை அளக்க 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் காட்சியை உலகின் பல இடங்களில் காண ஏற்பாடாயிற்று. பிரெஞ்சு அறிஞர் லெ சாந்தீல் புதுச்சேரியை நோக்கி வந்தார். போரில் அந்நகர் ஆங்கிலேயர் கைப்பட்டதால், முதற்கடப்பின்போது கடலில் ஆடும் கப்பலிலேயே நிற்க நேர்ந்தது, அளவு பயன்படவில்லை. எட்டாண்டு இப்பக்கத்திலேயே தங்கி, புதுச்சேரியில் கருவிகளை நிறுவிக் காத்திருந்தார். கடப்பு நாளில் முகில் மூடிக்கொண்டது. எனினும் அவர் வரவு வீணன்று. தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளை அடுக்கிக் கிரகணம் கணிக்கும் முறையைப் பயின்று, ஐரோப்பாவிற்கு எழுதிச் சென்றார்.

முடிவில் 1838-இல் செருமானியரான பெசல், 61 சிக்னி என்னும் மங்கலான விண்மீனின் இடமாறு தோற்றம் 0.314 விகலை என்று அறிவித்தார். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை 13 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது அக்கோணம். டைக்கோவின் கருவிகள் ஏன் காணவில்லை என்பது இதனால் விளங்கும். அவ்விண்மீனின் தொலைவு, இன்றைய கணக்கில், 11.4 ஒளியாண்டு. ஆப்பிரிக்காவின் தென்முனையில் 1832, 1833-இல் ஆல்ஃபா சென்டாரியை அளந்த எண்டர்சன் தம் முடிவை 1839-இல்தான் வெளியிட்டார். அதனால் முதன்மை பெசலுக்கே உரியதாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிக்க இடமில்லை. நிலவுலகின் காற்றுப்படலம் நுண்ணிய அளவைக்குத் தடையாதலின் கருவிகள் விண்ணுக்கே சென்றன. இப்பார்க்கோசு என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை ஒரு இலட்சத்து 18 ஆயிரம் விண்மீன்களை அளந்தது. 2013 திசம்பரில் ஏவப்பட்ட கையா, 2025 சனவரி வரை நோக்கியது. 2022-இல் வெளிவந்த அதன் பட்டியலில் ஏறத்தாழ 146 கோடி விண்மீன்களின் இடமாறு தோற்றம் இடம்பெற்றுள்ளது. விரலும் இரு கண்ணுமாகிய அதே முறைதான்.

நம் பகுதிக்கு அயலான சவ்வாது மலையின் காவலூரிலும், முன் நின்றது பின்னதை மறைக்கும் என்னும் பழைய உபாயம் பயன்பட்டதுண்டு. 1977 மார்ச் 10-இல் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது அங்கிருந்தவர்களும் அதனை நோக்கினர். மறைப்பிற்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சிறிது மங்கியது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்நாளைய நோக்கல்களால்தான்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. மே இறுதியிலும் சூன் மாதத்திலும் இரவு ஒன்பது மணியளவில், மரங்களும் கட்டிடங்களும் மறைக்காத வெளியில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திற்குச் சற்று மேலே ஒளிமிக்க இரு விண்மீன்கள் அருகருகே தோன்றும். இடப்பக்கம் நிற்பது ஆல்ஃபா சென்டாரி. அதன் தொலைவு 4.37 ஒளியாண்டு. அம்மாதங்களில் தென்மேற்குப் பருவ முகில் படர்வதுண்டாகையால், வானம் வெளிவாங்கிய இரவாகத் தேர்ந்துகொள்க.