காது கேளாத குழந்தையும் ஊரார் துணையும்

குழந்தையின் கையிலோ காலிலோ குறை இருந்தால் பெற்றோர் அதனை விரைவில் கண்டுகொள்வர். காதில் உள்ள குறையோ வெளியில் தெரிவதில்லை. குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது, முகம் பார்க்கிறது. ஐயம் தோன்றினால் வீட்டார் தட்டைத் தட்டிப் பார்க்கின்றனர். கையின் அசைவையோ தரையின் அதிர்வையோ உணர்ந்து குழந்தை திரும்புகிறது. "இவன் அப்பனும் மூணு வயசிலேதான் பேசினான்" என்று பாட்டியார் கூற, ஓராண்டு கழிந்துவிடுகிறது. பின்னர் ஒருநாள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில், உறங்கும் குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, 'பெரா' என்னும் சோதனை செய்து, இரு காதுகளும் கேளா என்று வைத்தியர் அறிவிக்கிறார். அன்று மாலை ஊர் திரும்பும் அக்குடும்பத்துக்குப் பஞ்சாயத்து அங்கத்தினரும் அண்டை வீட்டாரும் என்ன துணை செய்யக்கூடும் என்பதையே இங்கு ஆராய எண்ணுகிறோம்.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். மொழி குழந்தையின் மனத்தில் வேரூன்றுவது பிறந்த முதற் சில ஆண்டுகளில்தான். ஆதலின் ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது நிபுணர் வகுத்த முறை. பட்டம் தப்பிய விதைப்பு என்ன ஆகும் என்பதைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிந்திய குழந்தைக்கும் வழி உண்டு. ஆயினும் இனி ஒரு மாதமும் வீணாகலாகாது.

மாதங்கள் வீணாவது பெரும்பாலும் வைத்தியசாலையில் அன்று, வீட்டுத் திண்ணையில்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், குலதெய்வத்துக்கு நேர்ந்ததை மறந்தாள் என்று பழி தாயின் மீது விழுகிறது. அவள் குழந்தையை வெளியே எடுத்து வருவதையே நிறுத்திவிடுகிறாள். உண்மை யாதெனில், காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நன்கு கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. பரம்பரைக் காரணம் உள்ள இடங்களிலும், பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் சமமாக வந்து சேர்ந்த கூறே குறையை உண்டாக்குகிறது. மாமன் மகள், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது இவ்வாறு நேர்வது மிகுதி. இதனை மணப்பேச்சு நடக்கும் காலத்தில் எடுத்துரைப்பது நலம். குழந்தை பிறந்தபின் அக்குடும்பத்தின் முகத்தில் வீசுவது கொடுமை. மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை ஆகியனவும் காரணங்களாகும். காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றுவதால் இக்குறை தீராது. புண் உண்டாவதே பலன்.

அடுத்து, காதுக் கருவி. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அதனை அணிந்திருத்தல் வேண்டும். நீராடும்போதும் உறங்கும்போதும் மட்டும் கழற்றலாம். நம் ஊர் வியர்வை கருவிக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட டப்பியில் வைத்து மூட வேண்டும். சில மாதங்களில் கருவி 'கீச்' என்று ஒலிக்கத் தொடங்கும். பழுதென்று எண்ணிப் பலர் அதனைப் பரண்மேல் போட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் அது பழுதன்று. குழந்தையின் காது வளர்ந்து, பழைய காது அச்சு தளர்ந்துவிட்டது என்பதே பொருள். புதிய அச்சு எடுத்தால் போதும். மின்கலமோ பொத்தான் அளவே உள்ளது. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கருவியால் போதிய பயன் கிட்டாத குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடும் என்று ஊரார் எதிர்பார்ப்பதும், பேசாதபோது ஏளனம் செய்வதும் முறையன்று. சில வாரங்கள் கழித்தே கருவியை இயக்குவர். அதன்பின் ஓராண்டுக்குக் குறையாத பயிற்சி இருந்தால்தான் ஒலி சொல்லாகும்.

இப்பயிற்சியில்தான் குடும்பங்கள் தளர்கின்றன. வாரந்தோறும் நகருக்குச் செல்வதென்றால் அன்றைக் கூலி இல்லை. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் இல்லை. மாடு கட்டுத்தறியில் நிற்கிறது. நடவு, அறுப்புக் காலங்களில் இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாம் வாரம் போகவே மனம் வருவதில்லை. அண்டை வீட்டார் அந்த ஒரு நாளுக்கு மாட்டையும் பிள்ளையையும் கவனித்துக்கொண்டால், ஆயிரம் ஆறுதல் மொழிகளைவிட அது மேலானது. தாய் மட்டுமன்றித் தந்தையும் முறைபோட்டுச் செல்லுதல் தகும். பயிற்சி பெற வேண்டியவர் வீட்டார் அனைவருமே.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்ய வேண்டியது காகித வேலை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உடன் செல்லலாம். கருவிக்கும் உதவித்தொகைக்கும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையத்துக்கும் வழி அங்கே தெரியும். அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டண வண்டிகளில், மாற்றுத்திறனாளியும் துணைக்கு வருபவரும் 2021 முதல் கட்டணமின்றிச் செல்ல இயலும் என்பதைக்கூடப் பலர் அறியார்.

ஊரார் குழந்தையிடம் பேசாதிருப்பது பெருந்தவறு. கேளாதே என்று விட்டுவிடாமல், வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே அமர்ந்து, கூச்சலிடாமல், களத்துமேட்டில் நெல்லைக் காட்டி 'நெல்' என்றும், ஆட்டைக் காட்டி 'ஆடு' என்றும் சொல்லுதல் வேண்டும். சைகை காட்டினால் பேச்சு வராது என்னும் அச்சம் வேண்டா. கருவியால் பயன் பெறாத குழந்தைக்குச் சைகை மொழியே முழுமையான மொழி. குறையையே பெயராக்கி அழைக்கும் வழக்கத்தையோ அங்கத்தினர்கள் முதலில் தம் வாயிலிருந்தே அகற்றுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பக்கத்து ஊர்களில் இதே வழியில் நான்கைந்து ஆண்டுகள் முன்னே சென்ற குடும்பம் ஒன்று இருக்கக்கூடும். கிராம சுகாதாரச் செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ அதனை அறிவர். அக்குடும்பத்தின் இசைவைப் பெற்று, கருவி அணிந்து பள்ளி செல்லும் அவர்கள் பிள்ளையைப் புதிதாய்ச் செய்தி அறிந்த பெற்றோர் நேரில் காணுமாறு ஏற்பாடு செய்யலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.