திட்டம் தீட்டுவோர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் ஆண்டுதோறும் மகாசபையைக் கூட்டி வரவு செலவை முன்வைக்கின்றன. நூல் என்ன விலைக்கு வாங்கப்பட்டது, பயிர்க் கடன் எவ்வளவு வசூலாயிற்று என்று எந்த அங்கத்தினரும் கேட்கலாம்; விடை கூறுதல் குழுவின் கடமை. 1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவான காலந்தொட்டு, கூட்டுறவின் உயிர்நிலை இதுவே. நாட்டிற்கே திட்டம் தீட்டும் ஸ்தாபனங்கள் யாருக்குக் கணக்குச் சொல்லுகின்றன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திட்டக் கமிஷன் 1950 மார்ச் 15ஆம் நாள் மத்திய அரசாங்கத்தின் தீர்மானம் ஒன்றினால் அமைந்தது. அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை. பார்லிமெண்டு இயற்றிய தனிச் சட்டமும் அதற்கில்லை. ஆயினும் மாநிலங்களுக்குத் திட்ட உதவி அளிப்பதில் அதன் சொல்லுக்குப் பெருங்கனம் இருந்தது. 280ஆம் ஷரத்தின்படி அமையும் நிதிக் கமிஷன் ஒருபுறமிருக்க, சட்டத்தின் பிடியில் நில்லாத வேறொரு கை பணத்தைப் பங்கிட்டது. தமிழ்நாடு அரசாங்கம் 1969இல் நியமித்த இராஜமன்னார் குழு, 1971இல் அளித்த அறிக்கையில், இதற்குப் பதிலாகச் சட்டத்தால் அமைந்த நிபுணர் குழு வேண்டும் என்றது. 2015 ஜனவரி 1ஆம் நாள் கமிஷனின் இடத்திற்கு நிதி ஆயோக் வந்தது. அதுவும் தீர்மானத்தால் பிறந்ததே. ஆனால் ஆலோசனை கூறுமேயன்றிப் பணம் பங்கிடும் அதிகாரம் அதற்கில்லை.

தில்லியின் காகிதம் நம் தறியை என்ன செய்யும் என்று எண்ணுதல் தகாது. 1954இல் கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றது. மறு ஆண்டு திட்டக் கமிஷன் நியமித்த கார்வே குழுவோ, ஆலைத் துணிக்கு வரம்பு கட்டி, பெருகும் தேவையைக் கைத்தறிக்கு விடுக என்றது. ஓராண்டு இடைவெளியில் இரண்டு யோசனைகள். இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு அவற்றிடையே ஊசலாடிற்று. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் இன்று விசைத்தறியின் ஓசையைக் கேட்போர் இதனை எளிதில் உணர்வர்.

பயிரிடுவோர் நிலையும் இத்தகையதே. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே கூலியும் சம்பளமும் கிடைக்கின்றன. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, முறையாக அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் பின்னர் வரும் ஆலைகளுக்குத் தனித்தனியே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. ஆகவே பேட்டைக்குத் திட்டமிடும்போதே தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே செல்லும் என்று கேட்டாக வேண்டும். விதைக்கும்போது வாளாவிருந்து அறுக்கும்போது வழக்காடுவதால் பயன் சிறிதே.

எங்கே கேட்பது? முதலாவது, கிராம சபை. இரண்டாவது, அரசியல் சட்டத்தின் 243 இசட்.டி. ஷரத்து கூறும் மாவட்டத் திட்டக் குழு. அதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்கினருக்குக் குறையாதோர் மாவட்டப் பஞ்சாயத்திலும் நகராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருத்தல் வேண்டும். ஊர்த் திட்டங்களை ஒன்று சேர்ப்பதும், தண்ணீரைப் பங்கிடுவது பற்றி எண்ணுவதும் அதன் கடமைகள். உள்ளாட்சித் தேர்தல் தவறினால் இக்குழு வெறுங்கூடாகிவிடும். மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எழுத்தில் கேட்ட வினாவிற்கு 30 நாட்களுக்குள் விடை தர அது அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது.

நிபுணர் திட்டமிடுதல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இருபது ஆண்டுகளுக்கு அப்பால் நோக்குவோர் நாட்டிற்குத் தேவை. ஆனால் எத்துணை அறிவாளியானாலும், தீட்டியது எது, நிறைவேறியது எது, தவறியது ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டவரே. தம் சங்கத்தில் கணக்குக் கேட்கப் பழகியவர்க்கு அரசாங்கத்திடம் கேட்பதும் கூடும். மகாசபைக்கே வாராதவர் எங்குச் சென்று என்ன கேட்பார்?

அங்கத்தினர் கூடி ஆராய வேண்டிய வினாக்கள்:

1. நம் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கும் பாசனத்திற்கும் என்ன கூறப்பட்டுள்ளது?

2. கடந்த கிராம சபையில் நம் சங்கத்தார் எத்தனை பேர் கலந்துகொண்டனர்?

3. மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடிற்று என்று எழுத்து மூலம் கேட்க முன்வருவோர் யார்?