கோழிக் குஞ்சுகளின் இறகு வளர்ச்சியும் விளக்கை நிறுத்தும் காலமும்

பொரித்து உலர்ந்த கோழிக் குஞ்சின் உடலை மூடியிருப்பது இறகன்று, மென்தூவியே. அது காற்றுப்படாத இடத்திற் குஞ்சின் சூட்டை ஓரளவு காக்கும். ஈரத்தையும் வாடைக் காற்றையும் தாங்காது. முதற் சில நாட்களிற் குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே நிலைநிறுத்தவும் மாட்டாது. ஆதலால் தாய்க்கோழியின் அணைப்போ, விளக்கு வைத்த வளர்ப்புக் கூடோ இன்றியமையாதது. இவ்வெப்பத்தை எப்பொழுது நிறுத்தலாம் என்பதிலேயே பலர் தவறுகின்றனர். நாட்களை எண்ணுவது மட்டும் போதாது. குஞ்சின் முதுகைப் பார்த்தல் வேண்டும்.

இறகுகள் உடலெங்கும் ஒருங்கே முளைப்பதில்லை. சிறகின் பெரிய இறகுகளே முந்தியவை. ஒருநாட் குஞ்சின் சிறகை விரித்தாலே அவற்றின் குருத்துகளைக் காணலாம். அடுத்து வாலும், பின்னர் தோள், மார்பு, தொடை ஆகியனவும் இறகு பெறும். முதுகும் கழுத்தும் தலையும் பிந்தியே மூடப்படும். புதிய இறகு தூவி முளைத்த அதே குழியிலிருந்து எழுந்து, தூவியைத் தன் நுனியிற் சுமந்துகொண்டு வெளிவரும்; சில நாட்களில் அத்தூவி தேய்ந்து உதிரும். அப்போது குஞ்சுகள் அலங்கோலமாகத் தோன்றுவது நோயன்று.

லெக்கோன் போன்ற இலேசான இனங்களில் வால் 10 நாளளவிலே தெரியும்; 5, 6 வாரங்களில் உடல் முழுவதும் மூடப்படும். பாரமான இனங்கள் சிலவற்றில் 8 வாரம் வரையும் முதுகு வெறுமையாயிருப்பதுண்டு. ஒரே தொகுதியினுள்ளும் வேறுபாடு உண்டு. இறகு பிந்தி முளைக்கும் இயல்பு பால் நிறமூர்த்தத்தைச் சார்ந்தது. முந்தி முளைக்கும் இயல்பை அடக்கி நிற்பது. முந்தி முளைக்கும் சேவலைப் பிந்தி முளைக்கும் பேட்டுடன் சேர்த்தாற் பெட்டைக் குஞ்சுகள் விரைவாகவும் சேவற் குஞ்சுகள் தாமதமாகவும் இறகு பெறும். குஞ்சு பொரிக்கும் நிலையங்களிற் சில இனங்களின் ஒருநாட் குஞ்சுகளைச் சிறகைப் பார்த்துப் பிரிப்பது இதனாலேயே. எனவே தொகுதியிற் பிந்தியவற்றைக் கொண்டே முடிவு செய்க.

முதல் வாரத்திற் குஞ்சின் முதுகு மட்டத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின் வாரந்தோறும் 3 பாகையளவு குறைக்கலாம். மூன்றாம் வாரத்திற் சிறகும் வாலும் நிறைந்து குஞ்சு வளர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். இத்தோற்றத்தை நம்பி விளக்கை எடுத்துவிடுவோர் உளர். பகலில் தீங்கொன்றும் தெரியாது. இரவில் மழையோடு குளிர் கூடியதும் குஞ்சுகள் சூடு தேடி ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்றாக ஏறும்; அடியில் அகப்பட்டவை மூச்சடைத்து இறக்கும். காலையிற் கூட்டைத் திறப்பவர் கொள்ளை நோயென்று மயங்குவார். மார்கழி மழையிலும், நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளிலும் முதுகு மூடும்வரை இரவு விளக்கு இருத்தல் வேண்டும்; கூட்டின் மூலைகளைத் தகட்டினால் வளைத்து மறைத்தலும் நன்று. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இத்தனை நாள் தேவைப்படாது.

இறகின் பெரும்பகுதி புரதமே. அதிலும் கந்தகம் கொண்ட அமினோவமிலங்கள் மிகுதியாக வேண்டும். குறுணலும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மாத்திரம் தின்ற குஞ்சு இறகின்றித் தேங்கிவிடும். குஞ்சுத் தீனிலே 20 சதவீதமளவு புரதம் இருத்தல் வேண்டும். வீட்டிற் கலப்போர் மீன்தூளும் எள்ளுப் பிண்ணாக்கும் சேர்க்கலாம். வளரும் குருத்தினுள் குருதி ஓடுவதால், கொத்துண்டாற் குருதி கசியும். மற்றக் குஞ்சுகள் அதனைக் கண்டு மேலும் கொத்தும். காயப்பட்டதை அன்றே பிரித்துவிடுக, இடநெருக்கத்தையும் குறைக்க.

முதல் இறகுகளும் நிலையானவையல்ல. 7, 8 வாரமளவில் அவை உதிரத் தொடங்கிப் புதியன முளைக்கும். அப்பொழுது சேவலின் கழுத்திலும் இடுப்பிலும் கூரிய நுனியுடைய மினுங்கும் இறகுகள் தோன்றும். பேட்டில் அவை உருண்ட நுனியுடையன. தரையில் இறகு கிடப்பதைக் கண்டதும் மருந்து தேடவேண்டியதில்லை. உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்க்கையிற் குருத்துகள் கையிற் படின் அது இயல்பான மாற்றமே. குருத்தின்றித் தோல் சிவந்திருப்பின் கொத்துதலோ பேனோ உண்டாவென்று, எருவாய்ப் பக்கத்து இறகுகளை விலக்கிச் சோதித்தல் வேண்டும்.