நான்கு மணிக்கு வண்டியை நிறுத்துங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

கீரனூரிலிருந்து லே வரை அப்பாவின் பழைய புல்லட்டில் தனியாகப் போய்வரப் போவதாக எழுதியிருந்தீர்கள். வழியில் வண்டி மக்கர் செய்தால் என்ன செய்வது, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான். விடிந்ததும் கிளம்புங்கள், மாலை நான்கு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

முதலில் காற்று. ஆடி மாதம் தாராபுரத்திலிருந்து பழனிக்கு வண்டி ஓட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வலப்பக்கம் அறைந்துகொண்டே இருக்கும். நாமும் வண்டியை அந்தப் பக்கமே சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி போவோம். எதிரே லாரி கடக்கும் நொடியில் காற்று தடைப்படும். சாய்ந்திருக்கும் வண்டி லாரியை நோக்கி இழுக்கும். லாரி போனதும் காற்று திரும்ப வந்து இடப்பக்கம் தள்ளும். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கினால் தடுமாற்றம்தான் கூடும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். வெயில் ஏற ஏற இந்தக் காற்றும் வலுக்கும். காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கோடை இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். லடாக் பக்கம் சாலைக்குக் குறுக்கே ஓடும் பனி ஓடைகளும் அப்படியே. காலையில் சுலபமாகத் தாண்டிவிடக்கூடிய ஓடை, பகல் முழுக்கப் பனி உருகியபின் வண்டியையே புரட்டும் அளவுக்குப் பெருகிவிடும்.

ரிப்பேருக்கும் இதே கணக்குதான். காலை பத்து மணிக்குக் கிளட்ச் கேபிள் அறுந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம் போகும். ராத்திரி ஒன்பதுக்கு அறுந்தால், தெரியாத ஊரில் மூடிய கடை முன்னால் நிற்க வேண்டும். புறப்படும் முன்பே புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்து அதே பாதையில் ஓடவிட்டுக் கட்டிவையுங்கள். பழையது அறுந்தால் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் ஊர் மெக்கானிக் அருகில் நிற்க, டயரைக் கழற்றி டியூபை மாற்ற நீங்களே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் வண்டி கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் மலையில் இன்னொன்றும் நடக்கும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், பெட்ரோல் மிஞ்சும். இழுவை குறைந்து, கறுப்புப் புகை வந்து, பிளக்கில் கரி படியும். இன்ஜின் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். சின்ன மெயின் ஜெட் போட்டால் சரியாகும். சமவெளிக்கு இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்ட மறக்காதீர்கள். மறந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு வண்டி வேலை தெரியுமா என்று வீட்டில் கேட்கிறார்களாம். தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள். 1934 டிசம்பரில் சைடுகார் பூட்டிய 600 சிசி பேந்தர் வண்டியில் லண்டனிலிருந்து புறப்பட்டு, சகாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். பாலைவனத்தில் அகடெஸ் ஊருக்கு முன்பே இன்ஜின் கைவிட்டது. உதிரி பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். பாகம் வர மூன்று நாள் ஆகும் என்றால் மூன்று நாள் தங்குங்கள். விட்ட தூரத்தைப் பிடிக்க ராத்திரியில் ஓட்டாதீர்கள்.

செப்டம்பர் நடுவில் கிளம்புவது நல்லது. தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் ராஜஸ்தான் பக்கமிருந்து பின்வாங்கத் தொடங்கும். திண்டுக்கல்லில் ஏறினால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. நம் வடகிழக்கு மழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கும். திரும்பும்போது கடைசி இரண்டு நாள் நனைய வேண்டியிருக்கும், மழைக்கோட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள். செயின் மாற்றுவதாக எழுதியிருந்தீர்களே, இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்