வண்டிப் புகையும் வீட்டுச் செலவும்

மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு இன்று கிராமத்திலும் அரிது. ஏர் மாடுகள் உழுத நிலத்தில் டிராக்டர் உழுகிறது. பார வண்டி சென்ற தடத்தில் டிரெய்லர் செல்கிறது. இவற்றால் உழைப்பும் காலமும் மிச்சமாகின்றன. ஆதலின் வண்டிகள் வேண்டா என்று நாம் கூற வரவில்லை. அவற்றால் காற்றுக்கும் நீருக்கும் நேரும் கேட்டை எவ்வாறு குறைக்கலாம் என்று ஆராய்வதே நம் நோக்கமாகும்.

எரிந்த எண்ணெய் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. எரிந்தபின் அது மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில், அதிலுள்ள கரி காற்றிலுள்ள பிராண வாயுவுடன் கூடிச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. ஒரு லிட்டர் டீசலிலிருந்து சுமார் 2.7 கிலோ உண்டாகிறது. இவ்வாயு மிகுவதால் பூமியின் வெப்பம் உயர்கிறது. பருவம் தவறினால் முதலில் நட்டமடைபவர் உழவரே. புகையிலுள்ள நுண்ணிய கரித்தூளோ நம் குழந்தைகளின் நுரையீரலிற் சென்று படிகிறது.

நம் நாட்டில் வாகன டீசலில் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவு, 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் தூய்மை பெற்றது. அதை வீணாக்காதிருப்பது ஓட்டுபவர் கையில் உள்ளது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. டிராக்டர் கரும்புகை கக்கினால், டீசல் முழுதும் எரியவில்லை என்று பொருள். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துத் துப்புரவு செய்க. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, மெக்கானிக்கிடம் காட்டுக.

2. டயரில் காற்றுக் குறைந்தால் எண்ணெய்ச் செலவு கூடும். டிராக்டர் டயருக்கு வயலில் குறைந்த அழுத்தமும் சாலையில் மிகுந்த அழுத்தமும் தேவை. கம்பெனி தந்த கையேட்டின் அளவைப் பின்பற்றுக.

3. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சீரான நடுத்தர வேகமே சிக்கனமானது.

4. ரயில்வே கேட்டிலும் கடை வாசலிலும் காத்திருக்கும்போது இன்ஜினை நிறுத்துக.

5. வடித்தெடுத்த பழைய இன்ஜின் ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. அது நீரின்மேல் ஏடுபோற் பரவும். மண்ணில் ஊறி நிலத்தடி நீரையும் கெடுக்கும்.

ஒரு சிறு கணக்கு

நகரம் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் ஒருமுறை போய்வர 0.4 லிட்டர் பெட்ரோல் வேண்டும். உரத்துக்கு ஒரு நடை, விதைக்கு ஒரு நடை, பாங்கிக்கு ஒரு நடை என்று தனித்தனியே செல்லாமல், வேலைகளைச் சேர்த்து மாதம் 10 நடைகளைத் தவிர்த்தால் 4 லிட்டர் மிஞ்சும். 100 வண்டிகள் உள்ள ஊரில் இது ஆண்டுக்கு 4,800 லிட்டர். வெளிப்படாமற் போகும் கரியமில வாயுவோ சுமார் 11 டன்! மிஞ்சும் பணம் முழுதும் ஊரிலேயே தங்கும்.

பஞ்சாயத்தின் பங்கு

தனி ஒருவரால் இயலாதவற்றைப் பஞ்சாயத்து மேற்கொள்ளலாம். விளைபொருள்களை விற்பனைக் கூடத்திற்குப் பலர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்யலாம். ஊர்ச் சாலையின் குழிகளை உடனுக்குடன் மூடலாம். குழிதோறும் வேகத்தைக் குறைத்துக் கூட்டுவதால் எண்ணெய் வீணாகிறது. பழைய ஆயிலைச் சேர்க்க ஒரு பீப்பாய் வைத்து, அதனைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கலாம். புகைச் சோதனைச் சான்றிதழ் பெறுவது சட்டப்படி கடமை என்பதைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

அருகிலுள்ள கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ செல்வதில் குறைவு ஒன்றுமில்லை. நம் முன்னோர் நமக்குத் தூய காற்றையும் தெளிந்த கிணற்றையும் விட்டுச் சென்றனர். அவற்றை நம் மக்களுக்குக் கெடாமல் ஒப்படைப்பது நமது கடன். அடுத்த முறை சாவியைத் திருகுமுன், இப்பயணம் தேவைதானா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.